படம் பார்த்தோர் வழங்கிய தீர்ப்பு

மேசையின் ஒரு பக்கத்தில் பெருங்கம்பனியொன்றின் சட்டத்தரணிகள் அமர்ந்திருக்கின்றனர். மறுபக்கத்தில் சிறியதொரு சட்டக் காரியாலயத்தின் முதலாளியும், அங்கே கோப்புகளை அடுக்கிவைக்கும் இலிகிதரான பெண்ணொருத்தியும் இருக்கின்றனர். கம்பனி தர முன்வந்த தொகை இரண்டு கோடி டொலர். நோயுற்ற நூற்றுக்கணக்கானோருக்கு அதனைப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு வருமென்று அப்பெண் பொரிந்து தள்ளுகிறாள். விடை கூற இயலாத எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒருவர் முன்னாலிருந்த நீர்க்குவளையைக் கையில் எடுக்கிறார். அந்தத் தண்ணீர் அவர்களுக்கென்றே ஹிங்க்ளி ஊர்க் கிணறொன்றிலிருந்து கொண்டுவரப்பட்டது என்கிறாள் அவள். குவளை உதட்டை எட்டாமலே மேசைக்குத் திரும்புகிறது.

"எரின் புரொக்கோவிச்" என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைக் கண்டவர்கள் பெரும்பாலும் முதலில் நினைவுகூர்வது இக்காட்சியையே. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்த அப்படத்தைச் சூசன்னா கிறான்ற் எழுத, ஸ்டீவன் சொடர்பேர்க் நெறிப்படுத்தினார். கதாநாயகியாக நடித்த ஜூலியா றொபேட்ஸ் மறு ஆண்டிலே சிறந்த நடிகைக்குரிய ஒஸ்கார் பரிசைப் பெற்றார். உலகெங்கும் 25 கோடி டொலருக்கு மேல் வசூலித்த படம் அது. தண்ணீரில் கலந்த நஞ்சையும் நட்டஈட்டு வழக்கையும் பொருளாகக் கொண்ட ஒரு கதையைக் காண இத்துணை மக்கள் திரண்டது அதுவரை காணாத புதுமையென்றே சொல்லவேண்டும். திரண்டவர் யாவரும் ஒரே அபிப்பிராயத்துடன் வெளிவந்தனர் என்பதற்கில்லை. அவர்களிடையே எழுந்த விவாதம் படத்தின் புகழ் அடங்கிய பின்னரும் அடங்கவில்லை. அதற்கான காரணம் படத்தில் மட்டுமன்று, வழக்கு முடிந்த விதத்திலும் உள்ளது.

வழக்கின் வரலாறு இதுதான். கலிபோர்ணியா மாநிலத்து மொஹாவே பாலைவனத்தில் ஹிங்க்ளி என்றொரு சிற்றூர். நெடுந்தூரக் குழாய்கள் வழியே வரும் இயற்கை வாயுவை இடையிடையே அமுக்கித் தள்ளினாலன்றி அது மேற்செல்லாது. அதற்கான நிலையமொன்றைப் பசிபிக் எரிவாயு மின்சாரக் கம்பனி 1952ஆம் ஆண்டில் அவ்வூரில் நிறுவிற்று. அமுக்கப்பட்ட வாயு சூடேறும். அதனைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் ஓடும் இரும்பு துருப்பிடிக்கும். துருவைத் தடுக்கும் பொருட்டு ஆறிணைதிறக் குரோமியம் என்னும் இரசாயனத்தை 1966ஆம் ஆண்டுவரை நீரிற் கலந்தனர். கழிவுநீரை அடித்தளமிடப்படாத குட்டைகளில் விட்டனர். ஏறத்தாழ 140 கோடி லீற்றர் நீர் அவ்வாறு விடப்பட்டது. பாலைநிலத்து மணல் அதனைத் தடுத்து நிறுத்துமா? நிலத்தடி நீருடன் அது கலந்தது. மக்களோ கிணற்று நீரையே குடித்தனர், அதிலேயே குளித்தனர், அதனையே பயிருக்கும் பாய்ச்சினர். நிலத்தடி நீரில் குரோமியம் காணப்பட்டதென்று கம்பனி அதிகாரிகளுக்கு அறிவித்தது 1987ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலேதான்.

எட் மாஸ்றி என்னும் சட்டத்தரணியின் காரியாலயத்தில் இலிகிதராக வேலை செய்தவர் எரின் புரொக்கோவிச். சட்டம் பயிலாதவர், மூன்று பிள்ளைகளின் தாய். வீடு வாங்கல் விற்றல் பற்றிய கோப்பொன்றினுள் இரத்தப் பரிசோதனைத் தாள்கள் கிடக்கக் கண்டு, இவை இங்கு வந்தது ஏன் என்று கேட்டதிலிருந்தே எல்லாம் தொடங்கிற்று. அறுநூறுக்கு மேற்பட்டோர் வழக்காளிகளாகச் சேர, 1993ஆம் ஆண்டில் வழக்குத் தாக்கலாயிற்று. 1996ஆம் ஆண்டில் கம்பனி 33 கோடி 30 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. அவ்வகை வழக்கொன்றில் அமெரிக்காவில் அதுகாறும் பெறப்பட்ட தொகைகளுள் அதுவே மிகப் பெரியது.

படம் பார்த்தவர்களுள் பெரும்பான்மையோர் இதனை ஒரு பெண்ணின் வெற்றியாகவே கண்டனர். கணவன் துணையின்றிப் பிள்ளைகளை வளர்ப்பவள், கையிற் காசில்லாதவள், படித்தவரால் இகழப்பட்டவள், கடைசியில் படித்தவரையே மலைக்க வைக்கிறாள். கோப்பிலுள்ள தொலைபேசி இலக்கங்கள் இல்லையே என்று ஒரு பெண் சட்டத்தரணி குறைகூற, ஒவ்வொரு குடும்பத்தினதும் இலக்கத்தையும் நோயையும் அவள் மனப்பாடமாக ஒப்புவிக்கும் இடத்திற் பார்வையாளர் உள்ளம் பூரிக்காமலிருப்பது அரிது. இத்தகைய உவகையைப் பாமரத்தனம் என்று தள்ளிவிடுதல் தவறு. அக்காட்சி காட்டுவது வெறும் ஞாபகசக்தியையன்று. பிறர் "வழக்காளிகள்" என்று பெயர்ப்பட்டியலாகக் கண்டவர்களை அவள் அடுத்த வீட்டாராகக் கண்டாள் என்பதையே அது காட்டுகின்றது.

கதாநாயகியின் உடையைப் பற்றி நடந்த விவாதம் விசித்திரமானது. சிக்காகோ நகரின் புகழ்பெற்ற விமரிசகர் றொஜர் ஈபேட் நான்கு நட்சத்திரங்களில் இரண்டையே இப்படத்துக்கு அளித்தார். அந்த உடைகள் கதையிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடுகின்றன என்பது அவர் கூறிய குறைகளுள் ஒன்று. உண்மை எரின் உடுத்தியதும் அவ்வாறே என்று மற்றோர் பதிலிறுத்தனர். ஆனால், "உண்மையில் அப்படித்தான் இருந்தது" என்பது ஒரு கலைப்படைப்புக்கு எப்பொழுதும் போதிய சமாதானமாகிவிடாது. உடையைக் கண்டு அவளை மட்டமாக எடைபோடும் காரியாலயத்தாரைப் போலவே பார்வையாளரும் முதலில் எடைபோட்டுப் பின்னர் நாணவேண்டும் என்பதே நெறியாளர் எண்ணம் போலும். அவ்வெண்ணம் பாதிதான் நிறைவேறிற்று. நாணியவர்களும் உண்டு, உடையைப் பற்றியே பேசிக்கொண்டு போனவர்களும் உண்டு. இடையிலே ஒரு சிறு வேடிக்கை: உண்மை எரின் ஓர் உணவுச்சாலைப் பணிப்பெண்ணாகப் படத்தில் ஒரு கணம் வருகிறார், அவர் மார்பில் அணிந்த பெயர்த்தகட்டில் "ஜூலியா" என்று எழுதியிருக்கும்.

சட்டம் அறிந்தோர் வேறொன்றைக் கேட்டனர். இது நீதிமன்றப் படமென்றால் நீதிமன்றம் எங்கே? இக்கேள்வி நியாயமானது. வழக்கைத் தள்ளிவிடுமாறு கம்பனி கேட்க, நீதிபதி மறுக்கும் காட்சியொன்று உண்டு. அக்காட்சியில் நீதிபதியாகத் தோன்றுபவர், அவ்வழக்கில் உண்மையாகவே அமர்ந்த நீதிபதி லீறோய் சிமன்ஸ். அதற்குமேல் சாட்சிக் கூண்டில்லை, குறுக்கு விசாரணையில்லை, யூரர்கள் இல்லை. இது திரைக்கதையாசிரியர் செய்த குறையன்று. வழக்கே அவ்வாறு யூரர் முன் விசாரிக்கப்படாமலே முடிந்தது. இருதரப்பாரும் நடுத்தீர்ப்புக்கு உடன்பட்டனர். நடுத்தீர்ப்பு என்பது ஓய்வுபெற்ற நீதிபதிகள் போன்ற நடுவர்களைத் தெரிந்தெடுத்து, பொதுமக்கள் புகாத அறையில் வழக்கைச் சொல்லி, அவர்கள் முடிவுக்குக் கட்டுப்படுதல். மேன்முறையீட்டுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. யூரர் விசாரணையென்றால் ஆண்டுக்கணக்கிற் செல்லும். தோற்றவர் மேன்முறையீடு செய்வர். நோயாளிகளான வழக்காளிகள் முடிவைக் காணாமலே இறக்கக்கூடும். ஆகவே நடுத்தீர்ப்பை நாடியதில் விவேகம் உண்டு. முதலில் ஏறத்தாழ 40 பேரின் கோரிக்கைகள் கேட்கப்பட்டன. அவர்களுக்கு மட்டுமே பத்துக் கோடி டொலருக்கு மேல் விதிக்கப்படவே, எஞ்சியோருக்கும் சேர்த்துக் கம்பனி இணங்கிவந்தது.

இவ்விணக்கத்தின் விளைவு ஒன்று படம் பார்த்தோர் கண்ணிற் படுவதில்லை. பகிரங்க விசாரணை நடந்திருந்தால் எந்நோய் எந்நீரால் வந்தது என்பதை இருதரப்பு வைத்தியரும் விஞ்ஞானிகளும் சத்தியஞ்செய்து கூறியிருப்பர்; யாவரும் அதனைக் கேட்டிருப்பர்; தீர்ப்பொன்று எழுதப்பட்டிருக்கும். அவ்வாறொன்றும் இல்லாமற் போயிற்று. மூடிய அறைக்குள் முடிந்த வழக்குக்கு நான்கு ஆண்டுகளின் பின் திரைப்படம் வந்தது. உலகெங்குமுள்ள மக்கள் அந்த விசாரணையின் இடத்தில் இந்தப் படத்தை வைத்துக்கொண்டனர். பார்த்தோர் யாவரும் யூரர்களாயினர். அவர்கள் முன் வைக்கப்பட்டதோ ஒரு தரப்பின் வாதம் மட்டுமே. அதையும் திறமைமிக்க நடிகர்கள் எடுத்துரைத்தனர்.

விஞ்ஞானம் தெரிந்தோரின் ஆட்சேபம் இவ்விடத்திலேதான் கூர்மையடைந்தது. ஆறிணைதிறக் குரோமியத்தைத் தூசியாகவோ புகையாகவோ சுவாசித்தால் நுரையீரற் புற்றுநோய் உண்டாகும் என்பது ஐயத்துக்கிடமற்றது. தொழிற்சாலை ஊழியரிடையே கண்டு நிறுவப்பட்ட உண்மை அது. குடித்தாலும் அவ்வாறு நேருமா என்பதே கேள்வி. இரைப்பையிலுள்ள அமிலம் அதனை மூவிணைதிறக் குரோமியமாக மாற்றிவிடும். அது தீங்கற்றது என்று பலர் வாதித்தனர். படத்தில் வரும் நோய்களோ பலவகைப்பட்டவை: மூக்கில் இரத்தம் வடிதல், கருச்சிதைவு, மார்பிற் புற்றுநோய், குடல் நோய். ஒரே பொருள் இத்தனையையும் உண்டாக்குமா என்று கேட்டோரை உடனே கம்பனியின் கையாட்கள் என்று பழித்தல் தகாது. 2010ஆம் ஆண்டில் கலிபோர்ணியாப் புற்றுநோய்ப் பதிவேட்டைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று, 1996 முதல் 2008 வரை அவ்வூர்ப் பகுதியில் எதிர்பார்க்கத்தக்க அளவிலும் கூடுதலான புற்றுநோயாளர் இருக்கவில்லை என்று கூறிற்று. அந்த ஆய்வு முறையையும் பிறர் குறைகூறினர். சில நூறு குடும்பங்கள் வாழ்ந்த ஊரில், நஞ்சு கலந்த நீரைக் குடித்துப் பின் வேறிடம் சென்றவர்களையும் பின்னர் வந்து குடியேறியவர்களையும் ஒரே கணக்கில் வைத்தால் அக்கணக்கு எதைக் காட்டும் என்பது நல்ல வினாவே.

மறுபக்கத்தில் நடந்ததும் அறியத்தக்கது. சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் குரோமியக் கழிவு கலந்த கிணற்று நீரைக் குடித்த கிராமத்தாரிடையே புற்றுநோய் மிகுந்திருந்ததென 1987ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்திருந்தது. 1997ஆம் ஆண்டில் அதே ஆய்வாளர் பெயரில் வேறொரு கட்டுரை அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில் தோன்றி, முன்னைய முடிவுக்கு மாறாகக் குரோமியம் காரணமன்று என்றது. அதன் ஆக்கத்தில் ஹிங்க்ளிக் கம்பனிக்காகப் பணிபுரிந்த ஆலோசகர்களுக்குப் பங்கு இருந்ததென்று பின்னர் தெரியவந்தது. வெளியார் அளித்த பணவுதவியும் அறிவுதவியும் மறைக்கப்பட்டன என்று கூறி 2006ஆம் ஆண்டில் அச்சஞ்சிகை கட்டுரையை மீட்டுக்கொண்டது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டத்தார் வெளியிட்ட ஆய்வு, இந்தக் குரோமியத்தைக் குடிநீரில் மிக உயர்ந்த அளவிற் பெற்ற எலிகளுக்கு வாயிலும், சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டிகள் உண்டானதைக் காட்டிற்று. ஆகவே குடித்தால் ஒன்றும் நேராது என்ற உறுதியும் தளர்ந்தது.

இவ்விடத்தில் இருவகை நிரூபணம் உண்டென்பதை மனத்திருத்தல் வேண்டும். நட்டஈட்டு வழக்கில் தராசின் ஒரு தட்டு மற்றதிலும் சற்றே தாழ்ந்தாற் போதும், வழக்காளி வெல்வார். விஞ்ஞானம் அவ்வளவில் திருப்தியடைவதில்லை. அது மீண்டும் மீண்டும் நிறுத்துப் பார்க்கும். நோயாளி அதுவரை காத்திருக்க முடியுமா? முடியாது என்பதற்காகவே சட்டம் தராசை அவ்வாறு அமைத்தது. படத்தைப் போற்றியோர் சட்டத்தின் தீர்வை விஞ்ஞானத்தின் முடிவாகக் கொண்டனர். தூற்றியோர் விஞ்ஞானத்தின் ஐயத்தைக் கொண்டு சட்டத்தின் தீர்வையே மோசடியென்றனர். கம்பனி நஞ்சை நிலத்தில் விட்டது என்பதிலும், பல ஆண்டுகள் மக்கள் அதனை அறியாது குடித்தனர் என்பதிலும் எவருக்கும் ஐயமில்லை. அவ்வளவே ஒரு கம்பனியைப் பதில் சொல்ல வைப்பதற்குப் போதுமான காரியம். படமும் இதனோடு அமைந்திருக்கலாம். ஒவ்வொரு நோயையும் அந்த நீரின் தலையிற் கட்டியதே அதன் எதிரிகளுக்கு வாயைத் திறந்துவிட்டது.

வழக்காளிகளாயிருந்த ஊரார் படத்தைக் கண்ட விதம் தனி. படத்தின் இறுதியில் நற்செய்தியும் காசோலையும் வருகின்றன. கதாநாயகிக்கு 20 இலட்சம் டொலர் கிடைக்கிறது. (உண்மை எரின் பெற்றது 25 இலட்சம்.) ஊராருக்கோ காசோலைக்குப் பின்னரும் கதை உண்டு. தொகையில் நூற்றுக்கு நாற்பது, அதாவது 13 கோடி டொலருக்கு மேல், சட்டத்தரணிகளுக்குச் சென்றது. எஞ்சியது வந்துசேர மாதங்கள் பலவாயின என்றும், யாருக்கு எவ்வளவு என்பது எவ்வடிப்படையில் முடிவுசெய்யப்பட்டதென்று தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்றும் சிலர் முறையிட்டனர். படம் வெளியான சில வாரங்களிலேயே அமெரிக்கப் பத்திரிகையாளர் இதனை வெளியிட்டனர். மூடிய அறையின் விலையை இம்மக்களும் கொடுத்தனர் போலும்.

மாஸ்றியின் சிறு காரியாலயத்துடன் சேர்ந்து வழக்கை நடத்திய பெருஞ்சட்டத்தரணிகளுள் ஒருவர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தோமஸ் ஜிராடி. இவ்வழக்கால் அவர் பெயர் நாடெங்கும் பரவிற்று. வேறு வழக்குகளில் தம் கட்சிக்காரருக்குச் சேரவேண்டிய நட்டஈட்டுப் பணத்தைக் கையாடிய குற்றத்துக்கு 2024ஆம் ஆண்டில் யூரர் அவரைக் குற்றவாளியெனக் கண்டனர். 2025ஆம் ஆண்டில் ஏழாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஹிங்க்ளிப் பணத்தைப் பற்றி அத்தீர்ப்பு ஒன்றும் கூறவில்லை. ஆயினும் இன்று அப்படத்தை மீண்டும் பார்ப்போர், பெருஞ்சட்டத்தரணிகள் வந்துசேரும் காட்சியைப் பழைய கண்ணாற் பார்ப்பது கடினம்.

இத்தகைய படங்கள் வேறும் உண்டு. 1998ஆம் ஆண்டில் வெளியான "எ சிவில் அக்சன்", மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூபேண் நகரின் கிணற்று நீர் வழக்கைச் சொல்வது. அதிலே சட்டத்தரணி பொருளெல்லாம் இழந்து நிற்கிறார். 2019ஆம் ஆண்டில் வெளியான "டார்க் வாட்டர்ஸ்" மேற்கு வேர்ஜீனியாவின் இரசாயன வழக்கைக் காட்டுவது. ஆண்டுகள் போகின்றன, பெட்டி பெட்டியாகத் தாள்கள் வருகின்றன, வழக்கு நகர மறுக்கிறது. வழக்கின் தன்மையை உள்ளபடி உணர்த்துவதில் இவ்விரண்டும் "எரின் புரொக்கோவிச்" படத்துக்கு மேற்பட்டவை. ஆனாலும் மக்கள் அதையே நாடினர், அதையே நினைவில் வைத்தனர். சலிப்பூட்டும் வேலையை உற்சாகத்துடன் செய்யும் ஒரு மனிதப்பிறவியைக் காண்பதில் உள்ள இன்பம் அதற்குக் காரணமாகலாம். நீர்ச்சபைக் காரியாலயத்துத் தூசிபடிந்த தாள்களைப் படியெடுப்பதும், வெயிலில் வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டுவதும், குசினி மேசையிலிருந்து தேநீர் அருந்தியபடி கதை கேட்பதும் அப்படத்தின் பெரும்பகுதி. படத்தில் மிகைப்படுத்தப்படாத பகுதியும் அதுவே.

வழக்கு முடிந்தும் நீர் தூயதாகிவிடவில்லை. அவ்வூரிலும் கம்பனியின் நிலையங்கள் இருந்த பிறவிடங்களிலும் வாழ்ந்த வேறு வழக்காளிகளுக்கு 2006ஆம் ஆண்டில் மேலும் 29 கோடி 50 இலட்சம் டொலர் கொடுக்கக் கம்பனி இணங்கியது. பின்னர் மாசு முன்னைய எல்லையைக் கடந்து பரவியிருப்பது தெரியவரவே, கம்பனி மீண்டும் வீடுகளை வாங்கி இடித்தது. பிள்ளைகள் குறைந்து 2013ஆம் ஆண்டில் ஊர்ப் பாடசாலை மூடப்பட்டது. குடிநீரில் இக்குரோமியம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்குக் கலிபோர்ணியா 2014ஆம் ஆண்டில் நூறு கோடிப் பங்கில் பத்துப் பங்கு என்று எல்லை வகுத்தது. செலவைச் சரியாக ஆராயவில்லையென்று 2017ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதனை நீக்கிற்று. 2024ஆம் ஆண்டில் அதே எல்லை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. ஹிங்க்ளியில் நஞ்சு கலந்த நிலத்தடி நீரை இறைத்துக் கால்நடைத் தீவனமான குதிரைமசால் பயிருக்குப் பாய்ச்சுகின்றனர். வேர்கள் ஊன்றிய மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஆறிணைதிறக் குரோமியத்தைத் தீங்கு குறைந்த மூவிணைதிறக் குரோமியமாக மாற்றுகின்றன. நஞ்சு செறிந்த இடங்களில் நிலத்துக்கடியே மதுசாரத்தைச் செலுத்தியும் அம்மாற்றத்தை உண்டாக்குகின்றனர். இவ்வேலை முடிவதற்கு இன்னும் பல தசாப்தங்கள் செல்லும்.